போலீசில் சரண்

2016 ஜூலை 22-ஆம் தேதி, மலேசியத் தமிழ்க் குண்டர் தலைவனாக ரஜினி நடித்த 'கபாலி' வெளியானது. சென்னையில் பார்த்தவர்களும் கோலாலம்பூரில் பார்த்தவர்களும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம் என்று நினைத்திருந்தார்கள். முடிவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும்தான் குட்டு உடைந்தது. தமிழ்நாட்டுப் பிரதியில் துப்பாக்கியோடு ஒருவன் நெருங்குகிறான், திரை இருள்கிறது, வெடிச்சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். மலேசியப் பிரதியில் அதற்குப் பிறகு ஒரு வரி எழுத்து வந்து, கபாலி போலீசில் சரணடைந்த செய்தியைச் சொல்லிக் கதையை மூடியது. இயக்குநர் பா. இரஞ்சித் யோசித்து வைத்த மௌனத்துக்கு அந்நாட்டுத் தணிக்கைக்காக ஒரு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

ரசிகர்கள் கேலி செய்தார்கள். கேலிக்குரியதுதான். ஆனாலும் அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு உளவியல் கோட்பாடு ஒளிந்திருக்கிறது. திரையில் வெட்டுகிறவன் தப்பித்துப் போனால், பார்க்கிறவனுக்கு 'நாமும் தப்பிக்கலாம்' என்று தோன்றும். அவன் பிடிபட்டால் கை கூசும். 1934 முதல் ஹாலிவுட்டைக் கட்டிப்போட்ட தயாரிப்பு நெறிமுறைக்கு அடிப்படை இதே நம்பிக்கைதான். நம் பழைய தமிழ்ப் படங்களில் சண்டையெல்லாம் முடிந்து தூசி அடங்கிய பிறகு போலீஸ் ஜீப் வந்து நிற்குமே, அதுவும் இந்தக் கோட்பாட்டின் சைரன்தான்.

மலேசியா 2016-இல் இதைப் பற்றிக் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 2013 ஆகஸ்டில், உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் ஏறத்தாழ 40,000 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது அமைச்சு. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர். ஏழு சதவீதச் சமூகம் எழுபது சதவீதக் குண்டர்களைத் தருகிறது என்றால் ஏதோ ஒன்று அந்தச் சமூகத்துக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று மனம் தேடும். தேடினால் கைக்கு முதலில் அகப்படுவது தமிழ்ப் படம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வன்முறைத் தமிழ்ப் படங்களைத் தடைசெய்யச் சொல்லிப் பல முறை குரல் கொடுத்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறையில் பேச்சுக் கொடுத்தாலும் முதல் குற்றவாளி திரையில்தான் இருப்பான்.

ஜொகூர் இந்தக் கேள்வியை வைத்து யோசிக்க மிக வசதியான இடம். ஏன் என்பது பிறகு. முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங், சிகாமட், கூலாய், உலு திராம் வட்டாரங்கள் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டங்கள். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். எம்.ஜி.ஆர். வாள் வீசியதையும் நம்பியார் கத்தி தூக்கியதையும் தரையில் உட்கார்ந்து பார்த்து ஒரு தலைமுறை வளர்ந்தது. 1980-க்கும் 2000-க்கும் இடையில் நாடு முழுவதும் மூன்று லட்சம் இந்தியர்கள் தோட்டங்களைவிட்டு வெளியேறியிருப்பார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜொகூரில் அவர்கள் மாசாய், பாசிர் கூடாங், பிளந்தோங், ஸ்கூடாய் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். படம் பார்க்கும் பழக்கம் கூடவே வந்தது. பையன் மாலையில் எங்கே சுற்றுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்த கங்காணியும் கோயில் தலைவரும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் வரவில்லை.

இனி ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஆல்பர்ட் பண்டுரா 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். வயது மூன்றிலிருந்து ஆறுக்குள். காற்றடைத்த 'போபோ' என்ற கோமாளிப் பொம்மை. நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி அடியில் கனம். தள்ளினால் சாய்ந்து மறுபடி எழும். பெரியவர் ஒருவர் குழந்தையின் கண்முன்னே அதைச் சுத்தியலால் அடித்து, உதைத்து, தூக்கி எறிந்தார். பிறகு குழந்தையை நல்ல விளையாட்டுச் சாமான்கள் இருந்த அறைக்குக் கூட்டிப்போய், கொஞ்சம் தொட்டதும் பிடுங்கிக்கொண்டார்கள். எரிச்சல் ஏற வேண்டும் என்பதற்காகவே. அதற்குப் பிறகு போபோ இருந்த அறையில் விட்டார்கள். குழந்தைகள் பெரியவரை அச்சுப் பிசகாமல் திருப்பிச் செய்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அதையே படமாக எடுத்துக் காட்டினார். கறுப்புப் பூனை வேடம் போட்ட பெண் அடிப்பது போல் கார்ட்டூன் பாணியிலும் காட்டினார். ஒன்றும் பார்க்காத குழந்தைகளின் சராசரி வன்முறைப் புள்ளி 54. நேரில் பார்த்தவர்களுக்கு 83, படத்தில் பார்த்தவர்களுக்கு 92, பூனையைப் பார்த்தவர்களுக்கு 99. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த நாள்கள் அவை. சிங்கப்பூரில் அதே 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் டிசம்பரிலும் ஒளிபரப்பு தொடங்கியது. அந்த எண்கள் உலகெங்கும் பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைத்ததில் வியப்பில்லை.

மறுப்புச் சொன்னவர்கள் உடனே வந்தார்கள். அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பது வன்முறையா? அடித்தால் சிரித்துக்கொண்டு எழுந்து நிற்கிற ஒன்றை வேறு என்னதான் செய்வது? பெரியவர் காட்டிக்கொடுத்தார், பிள்ளை விளையாடியது என்றும் சொல்லலாமே. நியாயமான கேள்விகள்தான். ஆனால் என் பார்வையில் பண்டுராவின் பெருமை அந்த இரண்டு சோதனைகளில் இல்லை. பாடநூல்கள் அரை வரியில் தாண்டிப்போகும் மூன்றாவது சோதனையில் இருக்கிறது.

1965. இந்த முறை 66 குழந்தைகள், ஒரே படம், மூன்று முடிவுகள். ஒன்றில் போபோவை அடித்தவருக்கு மிட்டாயும் பாராட்டும் கிடைக்கின்றன. இன்னொன்றில் திட்டும் அடியும். மூன்றாவதில் ஒன்றுமே நடப்பதில்லை. மலேசியத் தணிக்கை வாரியம் 'கபாலி'யில் விரும்பியது இரண்டாவது வகை முடிவை. எதிர்பார்த்தபடியே, அடித்தவர் தண்டனை பெறுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். பெண்பிள்ளைகளிடம் இந்தக் கூச்சம் இன்னும் கூடுதல். தணிக்கைக்காரர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்திருந்தால் கோட்பாடு வென்றது என்று மகிழ்ந்திருக்கலாம்.

பண்டுரா மூடவில்லை. அதே குழந்தைகளிடம், 'படத்தில் பார்த்ததைச் செய்து காட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப்படமும் பழச்சாறும் தருவேன்' என்றார். வித்தியாசம் காணாமல் போயிற்று. தண்டனையைப் பார்த்த குழந்தையும் பாராட்டைப் பார்த்த குழந்தையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இருந்த இடைவெளியும் பெரும்பாலும் அழிந்தது. எல்லாருமே எல்லாவற்றையும் கற்றிருந்தார்கள். கற்றதைச் செய்வதா வேண்டாமா என்பதைத்தான் தண்டனை மாற்றியிருந்தது. அந்தத் தடுப்பையும் ஒரு டம்ளர் பழச்சாறு தூக்கி எறிந்துவிட்டது.

ஆக, திரை கற்றுக்கொடுக்கும், சந்தேகமே இல்லை. கற்றது கையில் இறங்குமா என்பதைத் தீர்மானிப்பது, திரையைவிட்டு வெளியே வந்ததும் யார் கையில் பழச்சாறு இருக்கிறது என்பது. பிளந்தோங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பதினைந்து வயதுப் பையனுக்குக் கைபேசி வாங்கித் தருகிற, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் போகிற, 'நம்ம பையன்டா' என்று நாலு பேர் முன்னால் தோளில் கை போடுகிற ஓர் 'அண்ணன்' இருந்தால், கடைசியில் ஓடும் எழுத்து வரியால் என்ன செய்ய முடியும்?

பண்டுராவுக்குப் பின் வந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் ஒரு நூலகத்தையே நிரப்பும். அவற்றைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி வரும் எரிச்சல், 'வன்முறை' என்று அவர்கள் எதை அளக்கிறார்கள் என்பது பற்றியது. கல்லூரி மாணவரைக் கூப்பிட்டுப் பதினைந்து நிமிடம் துப்பாக்கி விளையாட்டு ஆடவைத்து, பிறகு எதிராளிக்கு எவ்வளவு காரமான மிளகாய்ச் சாற்றை ஊற்றுகிறார் என்று பார்ப்பார்கள். அல்லது எதிராளியின் காதில் எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் இரைச்சலை ஒலிக்கவிடுகிறார் என்று பார்ப்பார்கள். இந்த இரைச்சல் சோதனையை ஜெர்மானிய உளவியலாளர் மால்டே எல்சன் தோண்டித் துருவினார். 130 வெளியீடுகளில் அதன் முடிவை 150-க்கும் மேற்பட்ட விதங்களில் கணக்கிட்டிருந்தார்கள். முதல் சுற்று மட்டும், சராசரி, உச்சம், ஒலியும் நேரமும் பெருக்கியது என்று விதவிதமாய். இத்தனை வழி திறந்திருந்தால் வேண்டிய விடைக்குப் போய்ச் சேர ஒரு வழி கிடைக்காமலா போகும்? மிளகாய்ச் சாறு ஊற்றுவதற்கும் பாராங் கத்தி எடுத்து ஒருவன் முழங்காலை வெட்டுவதற்கும் நடுவே உள்ள தூரத்தையோ எந்தப் புள்ளிவிவரமும் கடப்பதில்லை.

நீண்டகால ஆய்வுகள் மதிப்புக்குரியவை. நியூயார்க் மாநிலத்துக் கொலம்பியா கவுண்டியில் 1960-இல் மூன்றாம் வகுப்பு படித்த 856 பிள்ளைகளை லியோனார்ட் எரனும் பின்னர் ரௌவல் ஹியூஸ்மனும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எட்டு வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை விரும்பிய ஆண்பிள்ளைகள் பத்து ஆண்டுக்குப் பிறகு சற்று முரடர்களாக இருந்தார்கள். தொடர்புக் கெழு 0.31. பெண்பிள்ளைகளிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை. காணொளி விளையாட்டுகளைப் பற்றி 2010-இல் கிரெய்க் ஆண்டர்சன் குழு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டித் தொகுத்தபோது கெழு 0.2-ஐ ஒட்டி நின்றது. கிறிஸ்டோஃபர் ஃபெர்குசன் தம் கணக்கில் அதை 0.1-க்கும் கீழே இறக்கினார். 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் என்ன அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்துவிட்டு, 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்தார்கள். விளையாட்டின் வன்முறைக்கும் பிள்ளையின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பே தட்டுப்படவில்லை.

0.2 என்ற கெழுவை இருமடியாக்கினால் 0.04. பிள்ளைகளுக்கிடையே முரட்டுத்தனத்தில் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திரையோடு சேர்த்துப் பேசலாம். மிச்சம் தொண்ணூற்றாறு வேறு இடத்திலிருந்து வருகிறது. நான்கு பங்கு பூஜ்யம் அல்ல. கோடிக்கணக்கான பேர் பார்க்கும் ஒன்றில் சிறிய தள்ளலும் எங்கோ யாரையோ விளிம்பைத் தாண்டவைக்கலாம். ஆனால் ஏழுக்கும் எழுபதுக்கும் இடையிலான அந்தப் பெரிய பள்ளத்தை நான்கு பங்கால் நிரப்ப முடியாது. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-இல் தன் தீர்மானத்தைத் திருத்தி, வன்முறை விளையாட்டுகளை நிஜ வன்செயல்களுக்குக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்று எழுதிவைத்தது.

இதில் இயற்கையே நடத்திக் கொடுத்த சில சோதனைகள் எனக்கு ஆய்வுக்கூடத்தைவிடப் பிடித்தமானவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலை மறைத்ததால் தொலைக்காட்சி எட்டாத ஒரு சிற்றூர் இருந்தது. 1973-இல் அது வந்தது. டேனிஸ் மெக்பெத் வில்லியம்ஸின் குழு முன்னும் பின்னும் போய்ப் பார்த்தது. இரண்டே ஆண்டில் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் அடிப்பதும் ஏசுவதும் கூடியிருந்தன. சரி, வழக்கு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். நெப்போலியன் சிறையிருந்து இறந்த செயின்ட் ஹெலினா தீவுக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தபோது டோனி சார்ல்டன் அதே போலப் பள்ளித் திடலைப் படம் பிடித்து எண்ணினார். ஒன்றும் கூடவில்லை. காரணம் தேடியபோது கண்ணில் பட்டது, அந்தத் தீவில் யார் பிள்ளை எது செய்தாலும் மாலைக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்பது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று திரையரங்கிலிருந்தே. பொருளியலாளர்கள் கார்டன் டாலும் ஸ்டெஃபனோ டெல்லாவிக்னாவும் 1995 முதல் 2004 வரை அமெரிக்காவில் வெளியான படங்களையும் அந்தந்த நாளின் அடிதடி வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வன்முறைப் படத்துக்குக் கூட்டம் கூடிய நாள்களில் வன்குற்றம் குறைந்திருந்தது. பத்து லட்சம் பேர் கூடுதலாகப் பார்த்தால் அந்த மாலையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் இறக்கம். நள்ளிரவு தாண்டியும் இறக்கம் தொடர்ந்தது. சண்டைக்குப் போகக்கூடிய இளைஞன் அந்த மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தான், குடிக்கவும் இல்லை. விளக்கம் இவ்வளவு எளிது. ரஜினி படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்கு இப்படி ஒரு சமூகப் பயன் உண்டு என்று சொன்னால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் கோபித்துக்கொள்ளும். வாரங்களும் ஆண்டுகளும் கழித்து வரும் விளைவை இந்த ஆய்வு அளக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜொகூர் வசதியான இடம் என்றேன். ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் பாலம். இரு கரைத் தமிழர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டின் அதே மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், சம்பந்தம் செய்துகொள்கிறவர்கள், தினமும் காலையில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். ஒரே வெள்ளிக்கிழமையில் ஒரே தமிழ்ப் படம் இரு பக்கமும் ஓடுகிறது. சிங்கப்பூர்த் தொலைக்காட்சி அலைகள் நீரிணையைத் தாண்டி வருவதால் ஜொகூர் பாரு வீடுகளின் ஆண்டெனாக்கள் தெற்கே பார்த்துத் திரும்பியிருந்தன. தமிழ் அலைவரிசை 'வசந்தம்' இரு கரையிலும் தெரிந்தது. உலகிலேயே கொலை மிகக் குறைவாக நடக்கும் இடங்களில் சிங்கப்பூர் ஒன்று. அங்கும் குண்டர் கும்பல்கள் இருந்தன, தமிழ் இளைஞர்களும் அவற்றில் இருந்தார்கள்; ஆனால் 2013-இல் மலேசியா வெளியிட்டது போன்ற பட்டியல் அங்கே வரவில்லை.

இதைச் சோதனை என்று கூப்பிட முடியாது. சம்பளம், வீடு, பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாமே இரு கரையிலும் வேறு. சிங்கப்பூரில் 1950-களிலிருந்தே கும்பல்காரர்களை விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டம் இருக்கிறது. அங்கே அரசின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் 1989 முதல் இன ஒதுக்கீடு உண்டு. ஓர் இனம் மட்டும் ஒரே கட்டடத்தில் குவிய முடியாது. மலேசியாவில் 1969-இன் அவசரகாலச் சட்டம் 2011-இல் நீங்கியதும் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். 2013-இல் அங்கு நடந்த தொடர் துப்பாக்கிச் சூடுகளுக்கு அரசு கை காட்டிய காரணம் அதுதான். நான் சொல்ல வந்ததும் இதையேதான். படம் ஒன்று, பார்க்கிறவர் ஒன்று, விளைவு இரண்டு என்றால் வித்தியாசத்தைப் படத்தில் தேடிப் பயனில்லை.

எங்கே தேடுவது? கேத்தி ஸ்பாட்ஸ் வைடம் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. சிறுவயதில் அடி உதைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் இருந்த 908 பேரை, அதே வயது, அதே வட்டாரத்தைச் சேர்ந்த மற்றவர்களோடு ஒப்பிட்டார். பின்னாளில் இளங்குற்றவாளியாகக் கைதானவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 26, இரண்டாவதில் 17. பண்டுராவின் பெரியவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான எண் இது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வந்த மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' இதை எந்த ஆய்வறிக்கையைவிடவும் நன்றாகக் காட்டியது. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், சூட்டிகையான ஒரு பையன், பிரம்பை நம்பும் அப்பா, கும்பலில் இருக்கும் சித்தப்பா. மறு ஆண்டு அது மலேசியாவின் சிறந்த படம் என்ற விருதைப் பெற்றது. அந்தப் பையனைத் தமிழ்ப் படமா கெடுத்தது என்று அதைப் பார்த்த யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது குற்றவாளிக் கூண்டில் சினிமா இல்லை, கைபேசி. 2025 அக்டோபரில் சிலாங்கூரின் பண்டார் உத்தாமாவில் ஒரு இடைநிலைப்பள்ளிக்குள் 14 வயது மாணவன் 16 வயது மாணவியைக் கத்தியால் குத்திக் கொன்றான். சமூக ஊடகமும் விளையாட்டும் அவனைப் பாதித்திருக்கலாம் என்று போலீஸ் சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் ஜொகூரின் பத்து பஹாட்டில் ஒரு சிறுவன் தன் தம்பியைக் கத்தியால் காயப்படுத்திய சம்பவம் 'ரோப்லாக்ஸ்' விளையாட்டோடு சேர்த்துப் பேசப்பட்டது. குடும்ப மேம்பாட்டு அமைச்சர் நான்சி சுக்ரி அந்த விளையாட்டைத் தடைசெய்வது பற்றிப் பரிசீலிப்பதாகச் சொன்னார். பதினாறு வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்ற முடிவுக்கு அரசு வந்தது. அண்ணன் தம்பிச் சண்டை விளையாட்டுச் சாமானுக்காக மூள்வது கோலிக்குண்டு காலத்திலிருந்தே உண்டு. கோலிக்குண்டு மனதைக் கெடுக்கிறது என்று அன்று யாரும் சொன்னதில்லை.

அதற்கு ஆறு ஆண்டுக்கு முன்பே இந்தக் கூத்தின் ஒத்திகை நடந்துவிட்டது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதும், நெகிரி செம்பிலான் முஃப்தி 'பப்ஜி' விளையாட்டைத் தடைசெய்யச் சொன்னார். அப்போதைய இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் சைட் சாடிக், ஜொகூரின் மூவார் தொகுதி உறுப்பினர், விளையாட்டின் மேல் பழி போடாதீர்கள் என்றார். இருவருமே பப்ஜியைச் சுற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உண்மையான ஊடகம் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொலையாளி தன் செயலை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டியிருந்தான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை அழித்ததாக அந்த நிறுவனம் சொன்னது.

அவற்றில் தப்பியது ஜொகூர் நீரிணையின் மறுகரை வரை வந்தது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 16 வயது மாணவன் ஒருவனைத் தடுத்துவைத்தது. கிறைஸ்ட்சர்ச் நேரலையைப் பார்த்து, அந்தத் தாக்குதலின் ஆண்டு நிறைவு நாளில், அதே போல் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தான். ஒன்று உட்லண்ட்சில், ஒன்று செம்பவாங்கில். இரண்டும் தீவின் வடக்குக் கரையோரம். தன் தாக்குதலையும் நேரலையாகக் காட்ட நினைத்திருந்தான். ஊடக வன்முறை நிஜ வன்முறையைப் பெற்றெடுக்கும் தருணத்தை யாராவது காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான். இங்கே கதாபாத்திரம் இல்லை, நிஜ மனிதன். யாரைக் கொல்ல வேண்டும் என்று பெயர் சொன்ன இலக்கு இருந்தது. கடைசியாக, பண்டுராவின் மிட்டாய் இருந்தது: உலகம் முழுக்கப் புகழ். தண்டனையும் இருந்தது, ஆயுள் முழுதும் சிறை. ஆனால் அவன் பார்த்த காணொளிக்குள் மிட்டாய் மட்டுமே இருந்தது.

இப்படிப்பட்ட உச்சத்துக்குப் போகிறவர்கள் மிக அரிது. அன்றாட அளவில் அதே விதி எப்படி வேலை செய்கிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிரேடியும் மோலி கிராக்கெட்டும் 2021-இல் அளந்தார்கள். 7,331 ட்விட்டர் பயனர்கள், ஒரு கோடியே 27 லட்சம் பதிவுகள். கோபக் கொந்தளிப்பைக் கொட்டிய பதிவுக்கு லைக்கும் பகிர்வும் கூடுதலாகக் கிடைத்தால், அதே ஆள் அடுத்தடுத்த நாள்களில் இன்னும் கோபமாக எழுதினார். பழச்சாறு இப்போது பதிவின் கீழேயே எண்ணாக வருகிறது. மாசாய் பையன் மோட்டார் சைக்கிளில் பாராங்கைத் தூக்கிக் காட்டி டிக்டாக்கில் போடும் பதினைந்து விநாடிக்கு நடிகரும் அவனே, ரசிகர்களும் அவன் வகுப்புப் பிள்ளைகளே. பிரேடி குழுவின் ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. லைக்குக்கு ஏற்ப அதிகம் மாறியவர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் இருந்தவர்கள் அல்லர். மிதமான நண்பர் வட்டத்தில் இருந்தவர்கள்.